ஏட்டை அழித்தவர்கள் சாட்சி கேட்கலாமா?

பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கும், தரைப்படைப் பதிவு அலுவலகங்களை மேற்பார்வையிடும் அதிகாரிகளுக்கும்,

எண்பது கடந்த ஒரு முன்னாள் சிப்பாய்க்கு ஒரு பதிவு அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் கடிதத்தில் இரண்டே செய்திகள்தான் உள்ளன. அவர் ஓய்வூதியம் பெறாதவர் என்பதால் அவருடைய ஆவணங்கள் 25 ஆண்டு முடிந்ததும் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன. ஆவணம் இல்லாததால் அவருடைய ஓய்வூதியக் கோரிக்கையைப் பரிசீலிக்க வழியில்லை. இதே கடிதம் பேரும் தேதியும் மட்டும் மாறிப் பலருக்கும் வந்துகொண்டிருக்கிறது. 1962 சீனப் போரில் வடகிழக்கு எல்லையில் பிடிபட்டு, கணவாய் தாண்டித் திபெத்துக்கு நடத்திச் செல்லப்பட்டு, மறு ஆண்டு திரும்பி வந்த ஒருவருக்கு இந்த நாடு சொல்லும் கடைசி வார்த்தை இதுவாக இருக்கக்கூடாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுவதை ஊரறிய எழுதுகிறோம்.

கடிதம் காட்டும் விதி எங்களுக்குத் தெரியும். தரைப்படை ஒழுங்குமுறைகள் 1987, பத்தி 595. பென்ஷன் வாங்காதவரின் ஷீட் ரோலை, அதாவது அவருடைய சேவைப் பதிவேட்டை, 25 ஆண்டு வைத்திருந்துவிட்டு அழிக்கலாம் என்கிறது. இடம் போதாத கிடங்குக்கு அது நியாயமான விதியாக இருக்கலாம். ஆனால் அதை ஓய்வூதிய மனுவுக்குப் பதிலாக நீட்டும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். பென்ஷன் கொடுக்காததால் ஏடு அழிந்தது. ஏடு அழிந்ததால் பென்ஷன் கிடையாது. முதலில் நடந்த தவறே இரண்டாவது தவறுக்குக் காரணமாகிறது. இந்த இரண்டில் எதிலும் அந்தச் சிப்பாயின் கை படவில்லை. ஏட்டை எழுதியது நீங்கள், வைத்திருந்தது நீங்கள், அழித்ததும் நீங்கள். அவர் கையில் ஒரு டிஸ்சார்ஜ் புக்கும், பெட்டியில் ஒரு மெடலும் மட்டுமே இருந்தன.

அந்த மெடலிலிருந்தே தொடங்குவோம். 1947 பொதுச் சேவைப் பதக்கத்தின் நாடாவில் ஒரு சிறு உலோகப் பட்டை கோத்திருக்கும். ‘நேஃபா 1962’ அல்லது ‘லடாக் 1962’ என்று அதில் இருக்கும். நேஃபா என்பது இன்றைய அருணாசலப் பிரதேசம். மெடலைப் பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் ராணுவ எண், ரேங்க், பெயர், படைப்பிரிவு. அறுபது ஆண்டு தேய்மானத்திலும் பூதக்கண்ணாடி வைத்தால் எண் படிக்கக் கிடைக்கும். அரசே பொறித்துக் கொடுத்த சான்று அது. எந்த மனிதர், எந்தப் போர், எந்தக் களம் என்ற மூன்று கேள்விக்கும் அந்த விளிம்பிலும் பட்டையிலும் பதில் இருக்கிறது. ஆனால் உங்கள் அலுவலகங்கள் கேட்கும் ஆவணப் பட்டியலில் மெடல் இல்லை.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறோம். 1962 அக்டோபர் 20 விடியலில் வடகிழக்கு எல்லையின் நம்கா சூ ஆற்றங்கரையில் தாக்குதல் தொடங்கியது. அங்கே நின்ற 7-ஆவது காலாட்படை பிரிகேட் ஒரே நாளில் சிதைந்தது. அதன் தளபதி பிரிகேடியர் ஜான் டால்வியே அக்டோபர் 22-ல் பிடிபட்டார். நவம்பர் 21-ல் சீனா போர்நிறுத்தம் அறிவித்தபோது ஏறத்தாழ 4,000 இந்தியப் படையினர் அவர்கள் கையில் இருந்தார்கள். பலர் கோடைக்கால பருத்திச் சீருடையிலும் கான்வாஸ் ஷூவிலும் பிடிபட்டவர்கள். அந்தக் கோலத்தில்தான் பனிக்கணவாய்களைக் கடந்தார்கள். காயம்பட்டவர்களும் நோயாளிகளும் டிசம்பர் முதல் பொம்டிலா வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மற்றவர்கள் திரும்பி முடிய 1963 மே ஆயிற்று. சிலருக்கு இரண்டு மாதம், சிலருக்கு ஆறேழு மாதம் சிறை.

திரும்பியபின் நடந்ததைச் சட்டத்திலிருந்தே சொல்கிறோம். ராணுவச் சட்டம் 1950, பிரிவு 91, உட்பிரிவு அ: ஓடிப்போன நாள்களுக்கும், அனுமதியின்றி வராத நாள்களுக்கும், போர்க்கைதியாக இருந்த நாள்களுக்கும் சம்பளத்தையும் படிகளையும் பிடிக்கலாம். மூன்றும் ஒரே வரியில் இருக்கின்றன. எதிரியின் துப்பாக்கி முனையில் நின்றவரும் முகாமைவிட்டு ஓடியவரும் அந்த வரியில் பக்கத்துப் பக்கத்து ஆட்கள். பிரிவு 96, கைதியாக இருந்தவரின் நடத்தை பற்றிய விசாரணை முடியும்வரை சம்பளத்தை நிறுத்தி வைக்க இடம் தருகிறது. பிரிவு 97 பிடித்தத்தைத் தள்ளுபடி செய்ய அதிகாரம் தருகிறது. தள்ளுபடி செய்வதே வழக்கம் என்பது உங்கள் பதில். சரி. ஆனால் அந்தத் தள்ளுபடி ஒரு பார்ட்-2 ஆர்டராக (சிப்பாயின் சேவை விவரங்களை அறிவிக்கும் படை ஆணை) வெளியாகி, அது ஷீட் ரோலில் ஏறி, கணக்கு அலுவலகத்தின் தனிநபர் பேரேட்டிலும் ஏறினால்தான் அது நடந்ததாகக் கணக்கு. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும், ஏட்டில் மிச்சமிருப்பது ‘வராத நாள்கள்’ மட்டுமே. சம்பளப் பிடித்தம் வேறு, ஓய்வூதியத்துக்கான தகுதிச் சேவை வேறு. பல எழுத்தர்கள் இரண்டையும் ஒன்றாக்கி அந்த நாள்களைச் சேவையிலிருந்தே கழித்துவிடுகிறார்கள். ஓய்வூதியத்துக்குத் தேவையான பதினைந்து ஆண்டுக்கு ஐந்து மாதம் குறைகிறது என்று சொல்லப்படும் மனுவில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அந்த ஐந்து மாதம் எங்கே போனது? பெரும்பாலும் 1962 நவம்பருக்கும் 1963 ஏப்ரலுக்கும் இடையில்தான் கிடக்கும்.

குறைவு உண்மையானதாகவே இருந்தாலும் வழி இருக்கிறது. 1961 ஓய்வூதிய விதிகளின் 125-ஆவது விதி சேவைக் குறைவை மன்னிக்க இடம் தருகிறது. ஆறு மாதமாக இருந்த அந்த வரம்பு 2001 ஆகஸ்ட் 14 தேதியிட்ட அமைச்சக ஆணையால் ஓர் ஆண்டாக உயர்ந்தது. பணி முடிந்தபின் அவசரத்துக்கு அழைக்க ரிசர்வில் வைக்கப்பட்டவர்களுக்கு 155-ஆவது விதி இருக்கிறது. படையில் இருந்ததும் ரிசர்வில் இருந்ததும் சேர்ந்து 15 ஆண்டு ஆனால் ரிசர்விஸ்ட் பென்ஷன். நிராகரிப்புக் கடிதம் எதிலும் இந்த இரண்டு விதிகளையும் பார்த்தோம் என்று ஒரு சொல் இல்லை.

ஷீட் ரோல் அழிந்தாலும் லாங் ரோல் அழிவதில்லை. இது உங்களுக்குத் தெரியும்; மனுதாரருக்குத் தெரியாது. ஒவ்வொரு ரெஜிமென்ட் பதிவு அலுவலகத்திலும் நிரந்தரமாக வைக்கப்படும் அந்தப் பெரிய பேரேட்டில் ஒருவருக்கு ஒரு வரி உண்டு. எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம். அந்தக் கடைசிக் கட்டம்தான் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை முடிவுசெய்கிறது. ராணுவ விதி 13(3)-இன் அட்டவணையில் III(iii) என்று இருந்தால் உடல் தகுதியின்மையால் அனுப்பப்பட்டவர். ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்குக் கதவு திறக்கும். III(iv) என்றால் தன் விருப்பப்படி போனவர். III(v) என்றால் மற்ற காரணங்கள்; ‘சேவை இனித் தேவைப்படவில்லை’ என்பதும் அதில் அடக்கம். பின்னிரண்டுக்கும் கதவு மூடியதுதான். சிறையிலிருந்து வற்றி உலர்ந்து வந்த இருபது வயதுக்காரர், காலை ஊன்ற முடியாமல், வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தால் அதை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாமல் ‘தன் விருப்பம்’ என்று ஓர் எண்ணைப் போட்டு முடித்த வரிகள் அந்தப் பேரேட்டில் இருக்கின்றன. அந்த எண் போடப்பட்டபோது அவருக்கு மருத்துவப் பரிசோதனை நடந்ததா என்பதைக் காட்டும் தாள் ஷீட் ரோலோடு சேர்ந்து அழிந்துவிட்டது. இப்போது அந்த ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் தானாகப் போனவர் என்கிறீர்கள்.

உடம்பு அழியவில்லை. பனிக்கடியில் விரல் போன காலைப் பார்த்திருக்கிறீர்களா? கத்தி வைத்து வெட்டிய கால் போல அது இருக்காது. நுனி கறுத்து, உலர்ந்து, தானாகக் கழன்று விழுந்த இடம் மழுங்கி உருண்டிருக்கும். தோல் பளபளத்து எலும்போடு ஒட்டியிருக்கும். பெரும்பாலும் இரண்டு காலிலும், நுனி விரல்களில் அதிகமாக இருக்கும். மார்கழிக் காலையில் நீலம் பூத்து எரியும். எக்ஸ்ரே எடுத்தால் விரல் நுனி எலும்பு கரைந்து தேய்ந்திருப்பது தெரியும். இன்று எண்பது வயதில் அவருக்குச் சர்க்கரையும் இருக்கும். மருத்துவர் காலைப் பார்த்து, சர்க்கரை அளவைப் பார்த்து, ‘நீரிழிவுப் பாதம்’ என்று எழுதிவிடுகிறார். சர்க்கரைக் கால் வேறு மாதிரி. அங்கே பாதத்தின் அடியில் ஆறாத புண், அதில் சீழ், பிறகு அறுவைத் தழும்பு. புண்ணின் வரலாறு சில ஆண்டுதான் இருக்கும். விரல் எப்போது போனது என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, திருமணத்துக்கு முன்பே என்று வீட்டாரும் ஊராரும் சொன்னதை எழுதிக்கொண்டால் போதும். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை.

நெஞ்சும் அப்படித்தான். பழைய காசநோய் ஆறிய வடு நுரையீரலின் மேல்பகுதியில் சுண்ணாம்புத் திட்டாக ஆயுளுக்கும் நிற்கும். பட்டினியால் நரம்பு கெட்டவருக்கு உள்ளங்கால் எரிச்சல் அறுபது ஆண்டாக விட்டிருக்காது.

இவையெல்லாம் எங்கள் கற்பனை நோய்கள் இல்லை. ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கான உங்கள் 1982 தகுதி விதிகளின் மூன்றாம் இணைப்பைத் திறந்து பாருங்கள். தட்பவெப்பத்தால் வரும் நோய்களில் பனிக்கடி பெயர் சொல்லி இருக்கிறது. காசநோய் இருக்கிறது. மன அழுத்தத்தால் வரும் நோய்களில் மனநோய் இருக்கிறது. உணவு நிர்ப்பந்தத்தால் வரும் நோய்களில் குடற்புண், குடல் புழு, ஊட்டக்குறைவு இருக்கின்றன. குளிர், பட்டினி, பயம் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் சிறைமுகாமைவிட வேறு எது? அதே விதிகளில் 9-ஆவது விதி, தகுதியை நிரூபிக்கும்படி மனுதாரரைக் கேட்கக்கூடாது, நியாயமான ஐயத்தின் பலன் அவருக்கே, களச் சேவையில் இருந்தவருக்கு இன்னும் தாராளமாக, என்கிறது. சேரும்போது ஏட்டில் நோய் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடலோடு வந்தவர் என்றே கொள்ள வேண்டும் என்பதையும் உச்ச நீதிமன்றம் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் விளக்கமாகச் சொல்லிவிட்டது. சேரும்போது எழுதிய ஏட்டையே அழித்துவிட்ட பிறகு, அதில் நோய் குறிக்கப்பட்டிருந்தது என்று அரசு சொல்ல முடியாது. அப்படியானால் விதிப்படி அவர் நல்ல உடலோடு வந்தவர்தான். ஏடு இல்லாமை மனுதாரருக்குச் சாதகமாக வேண்டிய இடத்தில் அவருக்கு எதிராகத் திருப்பப்படுகிறது. எங்கள் மடலின் மையம் இதுதான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 2001 ஜனவரி 31 ஆணை, ஊனத்தையும் இறப்பையும் ஆங்கில எழுத்து ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. ‘இ’ வகை போர்க்காயம். அதில் பன்னாட்டுப் போரில் எதிரி நடவடிக்கை இருக்கிறது, எல்லை மோதல் இருக்கிறது, கண்ணிவெடி புதைப்பது இருக்கிறது, பணியில் இருக்கும்போது தீவிரவாதிகள் கடத்திச் செல்வதும் இருக்கிறது. எதிரி நாட்டுப் படையிடம் போர்க்கைதியாக இருந்த காலத்தில் வந்த ஊனத்துக்குத் தனி வரி இல்லை. அது எதிரி நடவடிக்கைக்குள் அடங்கும் என்று பொது அறிவு சொல்லும். ஆனால் பிடிபட்ட கணத்தில் சண்டை முடிந்துவிட்டது, முகாமில் வந்தது நோய், ஆகவே அது சேவையால் வந்த நோய்களுக்கான ‘பி’ வகை என்று கோப்பில் குறிப்பெழுத இந்த மௌனம் இடம் கொடுக்கிறது. வித்தியாசம் சிறிதல்ல. ‘பி’ வகையில் நூறு விழுக்காடு ஊனத்துக்கு ஓய்வூதியத்தின் ஊனக்கூறு கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. உடல் தகுதியின்மையால் அனுப்பப்பட்டவருக்குப் போர்க்காயக்கூறு கடைசிச் சம்பளத்துக்கு ஈடு.

பெயர்க் குழப்பம் தமிழருக்குப் பெரிய தலைவலி என்பதால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; அப்பா பெயரின் முதலெழுத்துதான். ஆள்சேர்ப்பு முகாமில் அந்த ஓரெழுத்தை ஓர் எழுத்தர் விட்டிருப்பார், ஒருவர் முழுப் பெயராக விரித்திருப்பார், ஒருவர் அப்பா பெயரை முன்னால் போட்டு மகன் பெயரைக் குடும்பப் பெயராக்கியிருப்பார். ‘ழ’ ஒரு ஏட்டில் ஒரு மாதிரியும் மறு ஏட்டில் இன்னொரு மாதிரியும் இருக்கும். சாமி என்று முடியும் பெயர்கள் படும் பாடு தனி. பிறந்த தேதி அன்று ஆளைப் பார்த்து மதிப்பிட்டு எழுதியது. ஆதாரில் இருப்பது இன்னொன்று. ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதிய இணையதளம் இரண்டையும் ஒப்பிட்டுப் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறது. சிப்பாயின் ராணுவ எண் பொதுவாக மாறுவதில்லை. எண்ணின் தொடக்க இலக்கங்களைக் கொண்டே ரெஜிமென்ட்டைச் சொல்லிவிடலாம். எண், ரெஜிமென்ட், சேர்ந்த ஆண்டு மூன்றும் பொருந்தினால் பெயரின் எழுத்து வேறுபாட்டுக்காக மனுவைத் திருப்பக் கூடாது.

ஆவணம் இல்லாத எல்லைப்புறப் படைவீரனை என்ன செய்வது என்ற கேள்வி உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்கச் சுதந்திரப் போரில் கென்டக்கி எல்லையில் மரக்கோட்டைகளைக் காத்து நின்றவர்கள் பெரும்பாலும் ஊர்ப்படையினர். 1780 ஜூனில் பிரிட்டிஷ் கேப்டன் ஹென்றி பர்ட் பீரங்கியோடு வந்து ரடில்ஸ் ஸ்டேஷன், மார்ட்டின்ஸ் ஸ்டேஷன் என்ற இரண்டு கோட்டைகளைப் பிடித்து, அங்கிருந்தவர்களைக் கைதிகளாக்கி டெட்ராய்ட் வரை நடத்திச் சென்றார். குழந்தைகளும் பெண்களும் அதில் இருந்தார்கள். அந்தப் போரின் ஏடுகள் 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகத்தில் பிடித்த தீயில் எரிந்தன. 1814-ல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனைக் கொளுத்தியபோது மேலும் போயின. 1832 ஜூன் 7-ல் வந்த ஓய்வூதியச் சட்டம் ஆறு மாதச் சேவை இருந்தாலே ஊர்ப்படையினரையும் ஏற்றது. ஏடு இல்லாதவர் உள்ளூர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, வரையறுத்த ஏழு கேள்விகளுக்குப் பதில் சொன்னார். எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர்கள்? வயதுக்குப் பதிவு உண்டா? அழைக்கப்பட்டபோது எங்கே குடியிருந்தீர்கள், பிறகு எங்கெங்கே? எப்படிச் சேர்ந்தீர்கள், தானாகவா, கட்டாயத்திலா, இன்னொருவருக்குப் பதிலாகவா? உடன் இருந்த அதிகாரிகள் யார், எந்தப் படைப்பிரிவுகள்? டிஸ்சார்ஜ் தாள் கொடுத்தார்களா, அது எங்கே? உங்கள் ஊரில் உங்கள் நேர்மைக்கும் சேவைக்கும் யார் சாட்சி சொல்வார்கள்? அவ்வளவுதான். ஒரு போதகரும் ஓர் அண்டை வீட்டாரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பொய் மனுக்களும் வந்தன. 1834-ல் வர்ஜீனியாவின் மேற்கு மாவட்டங்களில் நேரடி விசாரணை நடத்திப் பலரைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஏற்பதற்கும் ஒரு முறை இருந்தது, களை எடுப்பதற்கும் ஒரு முறை இருந்தது. ஏடு எரிந்துவிட்டது, போ என்று சொல்லவில்லை.

அமெரிக்கா வரை போக வேண்டியதுகூட இல்லை. இதே தில்லியில் இருக்கும் உள்துறை அமைச்சகம் 1972 முதல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் தருகிறது. ஆறு மாதச் சிறை என்பது பொதுத் தகுதி. சிறை ஏடு இல்லை என்றால், ஏடு இல்லை என்ற சான்றும், உடன் சிறையிருந்தவரின் சான்றும் ஏற்கப்படுகின்றன. மலேயாவிலும் பர்மாவிலும் நேதாஜியின் படையில் இருந்து சிறைப்பட்ட தமிழர்கள் பலரும் இந்தத் திட்டத்தின் கீழ்தான் மனுச் செய்தார்கள். இவற்றை ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்டு அளக்கக்கூடாது, நடந்திருக்கக்கூடும் என்று தோன்றினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் குர்தியால் சிங் வழக்கில் சொன்னது. பிரிட்டிஷ் அரசின் சிறையில் இருந்ததை உடன் கைதி சொன்னால் இந்திய அரசு நம்புகிறது. இந்திய அரசுக்காகப் போய்ச் சிறைப்பட்டதை உடன் கைதி சொன்னால் நம்ப மறுக்கிறது. இதற்கு நியாயம் ஒன்றைச் சொல்லுங்கள்.

ஏடுகள் முழுவதும் அழிந்துவிட்டன என்பதும் சரியில்லை. போர்க்கைதிகள் பற்றிய மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தில் இந்தியா 1950-லும் சீனா 1956-லும் சேர்ந்தன. அதன் 70-ஆவது பிரிவு, முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு கைதியையும், பிடிபட்டதை வீட்டுக்கு அறிவிக்கும் அட்டையை எழுதவிட வேண்டும் என்கிறது. 122-ஆவது பிரிவு தகவல் நிலையம் அமைக்கச் சொல்கிறது. 1962-ல் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சீனா முகாம்களுக்குள் விடவில்லை. ஆனாலும் இரு நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கங்கள் வழியாகப் பெயர்ப் பட்டியல்களும் கடிதங்களும் பொதிகளும் போய்வந்தன. விடுவித்தபோது ஆள் எண்ணி ஒப்படைத்த பட்டியல்கள் உண்டு. 1965, 1971 கைதிகளுக்கு இன்னும் எளிது: ஜெனீவாவில் உள்ள செஞ்சிலுவைக் காப்பகம் சிறையிருந்ததற்கான சான்று வழங்குகிறது. படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் உங்கள் வரலாற்றுப் பிரிவில் இருக்கின்றன. 2021 ஜூன் 12-ல் நீங்களே வெளியிட்ட கொள்கை, அவற்றை 25 ஆண்டில் ரகசிய நீக்கம் செய்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. மெடல் வழங்கிய பட்டியல் உண்டு. லாங் ரோல் உண்டு. கணக்கு அலுவலகங்களில் தேடினால் அந்த மாதங்களின் குடும்ப மணியார்டர் கணக்கு சிலருக்காவது கிடைக்கும். தேடுவதற்கு எண்பது வயது முதியவரால் முடியாது; உங்களால் ஒரு சுற்றறிக்கையில் முடியும்.

அவர்கள் இப்போது எதை வைத்து வாழ்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஓய்வூதியம் இல்லாததால் முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவ வசதி கிடையாது. கணவருக்கு ஓய்வூதியம் இல்லாததால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. 65 வயது கடந்த ஓய்வூதியமில்லாதவர்களுக்கான வறுமை உதவித்தொகையை 2025 நவம்பர் 1 முதல் மாதம் 4,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறீர்கள். நன்றி. ஆனால் அதற்கு ‘நான் வறியவன்’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். உரிமையாக வர வேண்டிய பணத்தை இரக்கமாக வாங்கச் சொல்வது சிறையிலிருந்து வந்தவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். அப்படிப்பட்ட ஊர்களில் ஒரு கிழவர் ‘வறியவன்’ படிவத்தோடு நிற்பதை அடுத்துச் சேரப்போகும் பையன்கள் பார்க்கிறார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

1947-48, 1962, 1965, 1971 போர்களில் இருந்த எவருடைய ஏட்டையும் இன்று முதல் அழிக்காதீர்கள். பத்தி 595-ஐத் திருத்தும்வரை நிறுத்திவைக்கும் ஆணை ஒன்று போதும். லாங் ரோல்களை மின்பதிவாக்கி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் ராணுவ எண்ணைக் கொண்டு தேடும்படி வையுங்கள்.

ஏடு அழிந்தது என்று எழுதும் ஒவ்வொரு கடிதத்தோடும் மூன்றை இணைக்க உத்தரவிடுங்கள்: மனுதாரரின் லாங் ரோல் வரியின் நகல், எந்தத் தேதியில் எந்த அதிகாரிகள் குழு அந்த ஏட்டை அழித்தது என்ற பதிவு, வேறு எந்தெந்த இடங்களில் தேடினீர்கள் என்ற விவரம். இந்த மூன்றும் இல்லாத கடிதத்தை நிராகரிப்பாகக் கொள்ளக் கூடாது.

போர் நாட்குறிப்பு, ஒப்படைப்புப் பட்டியல், செஞ்சிலுவைப் பட்டியல், மெடல் பட்டியல் ஆகியவற்றிலிருந்து போர்க்கைதிகளின் ஒரே பட்டியலைத் தொகுங்கள். பெயர் அதில் இருந்தால் மேலும் சாட்சி கேட்காதீர்கள். இல்லையென்றால் சத்தியப் பிரமாணத்தில் அந்த ஏழு கேள்விகளைப் போன்ற கேள்விகளைக் கேளுங்கள். பிடிபட்ட இடம், கம்பெனித் தளபதி, உடன் இருந்தவர்கள், முகாமின் அன்றாட நடைமுறை, திரும்பிய வழி என்று கேட்டால் பொய் சொல்பவர் மூன்றாவது கேள்வியில் தடுமாறுவார். உடன் கைதி ஒருவரின் சான்றையோ மெடலையோ அதற்குத் துணையாக ஏற்றுக்கொள்ளுங்கள். 90 நாளில் முடிவு சொல்லுங்கள். பொய் என்று காட்டும் பொறுப்பு அரசுடையதாக இருக்கட்டும்.

‘இ’ வகையில் ஒரே ஒரு வரியைச் சேருங்கள்: பன்னாட்டுப் போரில் போர்க்கைதியாக இருந்த காலத்தில் ஏற்பட்ட அல்லது அதனால் மோசமான ஊனம். பிரிவு 91-இல் போர்க்கைதியை ஓடிப்போனவரோடு சேர்த்து வைத்திருக்கும் வாசகத்தைப் பிரிக்க நாடாளுமன்றத்துக்குத் திருத்தம் கொண்டுபோங்கள்.

எண்பது வயது கடந்தவர்களைப் படை மருத்துவமனைக்கு வரச் சொல்லாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில், முடியாதவருக்கு வீட்டிலேயே, மெடிக்கல் போர்டு கூடட்டும். ‘இந்தக் குறைபாடு எப்போது முதல்’ என்ற கேள்வியைப் படிவத்தில் சேருங்கள். ஊன விழுக்காடு முடிவானதும் உச்ச நீதிமன்றத்தின் ராம் அவதார் தீர்ப்பின்படி ஐம்பதுக்குக் குறைந்ததை 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் அவர் கேட்காமலே கணக்கிடுங்கள்.

தாமதமான வழக்குகளில் நிலுவை மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று உச்ச நீதிமன்றம் தர்செம் சிங் வழக்கில் வைத்த வரம்பை, ஏட்டை அரசே அழித்த வழக்குகளில் நீங்களாக வலியுறுத்தாதீர்கள். படையினர் வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் ஒரு போர்க்கைதி வென்ற பிறகு மேல்முறையீடு போகாதீர்கள். அதற்குள் அவர் காலம் முடிந்துவிடுகிறது. மனு நிலுவையில் இருக்கும்போதே இறந்தவர்களின் மனைவியருக்கு அதே மனுவைத் தொடரும் உரிமையை எழுத்தில் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதுவரை ‘ஏடு அழிந்தது’ என்று நிராகரிக்கப்பட்ட மனுக்களின் கோப்புகள் உங்கள் அலுவலகங்களில்தான் இருக்கின்றன. முகவரியும் அதிலேயே இருக்கிறது. அவர்கள் மறுபடி மனுப் போடக் காத்திராமல் அந்தக் கோப்புகளை நீங்களே திறந்து, ஒவ்வொருவருக்கும் நீங்களே முதல் கடிதத்தை எழுதுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் சிலர்